ஆராய்ச்சி மணியும் ஆட்டுப்பட்டியும்

திருவாரூர்த் தேர்வீதியில் கன்றைப் பறிகொடுத்த பசு, அரண்மனை வாயிலுக்கு வந்து ஆராய்ச்சி மணியை அசைத்ததாம். மணியொலி கேட்டு வந்த மனுநீதிச் சோழன், தன் ஒரே மகனைத் தேர்க்காலில் இட்டு நீதி வழங்கினானாம். பாட்டி சொல்லக் கேட்டோம், பாடப்புத்தகத்தில் படித்தோம், பாகவதர் உருகி உருகிச் சொல்ல, ஊரே கண்ணீர் உகுக்கக் கண்டோம். சென்னை உயர்நீதிமன்ற வளாகத்திலே அம்மன்னனுக்குச் சிலை உண்டு. மாவட்ட ஆட்சியர் ஊர்தேடிச் சென்று மனு வாங்கும் நாளுக்கு 'மனுநீதி நாள்' என்றே பெயர்.

கதையைக் கேட்டவர் கோடி. ஒரு கேள்வியைக் கேட்டவர் மட்டும் இல்லை. அந்தப் பசுவை வளர்த்தவர் யார்? கன்று போனதால் கறவை நின்ற அந்த வீட்டுக்கு அரசன் என்ன கொடுத்தான்? புராணம் அதைப் பேசாது. பேசவேண்டிய தேவையும் அதற்கு இல்லை. இறுதியில் இறைவன் காளைமீது காட்சி தருகிறான். கன்று எழுகிறது, மகன் எழுகிறான், கணக்கு நேராகிவிடுகிறது. புராணத்தில் இழப்பீடு வழங்கும் வேலை கடவுளுடையது.

2018 நவம்பர் 16 விடியலில், புதுக்கோட்டைச் சீமையில் கொட்டில் சரிந்து ஆடும் மாடும் மடிந்து கிடந்தபோது, காளையேறி எவனும் காட்சி தரவில்லை. வரவேண்டியவர் கிராம நிர்வாக அலுவலர். வரவேண்டியவர் கால்நடை மருத்துவர். அவர்கள் கையில் இருந்த படிவம் எது, அதை எழுதியவர் யார், அதில் எந்த உயிருக்கு இடம் உண்டு, எந்த உயிருக்கு இல்லை? இதுதான் நாம் ஆராயவேண்டிய வரலாறு.

அதன் சாரத்தை முன்னரே சொல்லிவிடுகிறோம். பேரிடரில் மாட்டுக்கும் மரத்துக்கும் அரசு பொறுப்பேற்கும் வழக்கம் மன்னர்களின் கருணையால் மலர்ந்ததன்று. நூற்றைம்பது ஆண்டுகளாக மாண்டவர்களின் எலும்புகள் மீது எழுந்த உரிமை அது. ஆனால் அந்த உரிமை பட்டா உள்ளவர் வாசல்வரை நடந்து, அங்கேயே களைத்து உட்கார்ந்துவிடுகிறது. ஆட்டுப்பட்டிவரை அதை நடத்திச் செல்வதே எஞ்சிய வேலை.

மாரியின் சீற்றமும் மருந்துப் புட்டியும்

முன்னாளில் மாடு மடிந்தால் காரணம் தெரிந்தே இருந்தது: அம்மனின் கோபம்! கால்களிலும் வாயிலும் புண் கண்டு மாடு துவண்டால் அதற்குக் 'கோமாரி' என்று பெயர் வைத்தனர். பெயரிலேயே மாரி குடியேறிவிட்டாள். அதனினும் கொடியது வெக்கை. ஊருக்குள் புகுந்தால் கொட்டில்கள் காலியாகும். உழவன் செய்தது என்ன? வேப்பிலை கட்டினான், எல்லையில் கிடாய் வெட்டினான், கஞ்சி வார்த்தான். மடிந்த மாட்டோடு, மடியாதிருந்த கிடாயும் போயிற்று. பூசாரிக்குத் தட்சிணையும் போயிற்று. நோய் மட்டும் போகவில்லை.

வெள்ளையர் துரைத்தனம் கால்நடைக் கொள்ளைநோய் பற்றி ஒரு குழு அமைத்து, 1871-ல் அறிக்கையும் பெற்றது. மாட்டின்மேல் கொண்ட பாசத்தால் அல்ல. உழவுமாடு இல்லையேல் நிலவரி இல்லை, படையின் வண்டிக்கு இழுவை இல்லை. நோக்கம் எதுவாயினும் கேள்வி சரியான திசையில் திரும்பிற்று. எந்தத் தெய்வத்தின் கோபம் என்ற கேள்வி ஒதுங்கி, எந்தக் கிருமியின் வேலை என்ற கேள்வி பிறந்தது. முக்தேசுவர ஆய்வுக்கூடத்தில் தடுப்பு மருந்து உருவாயிற்று. 1932-ல் நம் இராணிப்பேட்டையிலேயே மருந்துச் சாலை எழுந்தது. 1954-ல் நாடு தழுவிய வெக்கை ஒழிப்புத் திட்டம் வந்தது. ஊர் ஊராக ஊசி சென்றது. 1995-க்குப் பின் இந்தியாவில் வெக்கை தலைகாட்டவில்லை. 2011-ல் உலகமே அந்நோயிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது. பெரியம்மைக்கு அடுத்து மனிதன் மண்ணிலிருந்து துடைத்தெறிந்த இரண்டாவது நோய் அது.

அம்மன் இருந்த இடத்தில் இருக்கிறாள். ஆடித் திருவிழாவும் நடக்கிறது. வெக்கை மட்டும் இல்லை. ஆக, சீற்றம் யாருடையதாக இருந்தது? பகைத்துக்கொள்ளாமல் சிந்தித்துப் பார்க்கும்படி பக்தர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

இந்த வெற்றியில் இளைஞர் குறித்துக்கொள்ளவேண்டிய பாடம் ஒன்று உண்டு. மருந்து மட்டும் வெல்லவில்லை. மருந்து செய்யும் சாலை, அதைக் குளிர்வித்து வைக்கும் கிடங்கு, ஊசி போடும் மருத்துவர், நோய் கண்ட ஊரைத் தெரிவிக்கும் கிராம அலுவலர், மாட்டுச்சந்தையை மூடும் அதிகாரி ஆகிய ஐவரும் ஒரே கயிற்றைப் பிடித்து இழுத்தார்கள். அதனால் வென்றார்கள். இதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

தாது வருஷத்துக் கூலி

1876 முதல் 1878 வரை தென்னாட்டை உலுக்கிய பஞ்சத்தைத் தாது வருஷப் பஞ்சம் என்பர். அரை கோடிக்கும் மேற்பட்ட மக்கள் மாண்டனர். மாடுகள் முதலில் விழுந்தன. மனிதர் பின்னே விழுந்தனர். முறை அதுதான். வைக்கோல் தீர்ந்தபின் உழவன் கூரையைப் பிரித்து மாட்டுக்குப் போட்டான். கூரை தீர்ந்தபின் மாட்டை வந்த விலைக்கு விற்றான். மழை மீண்டும் வந்தபோது நிலம் இருந்தது, விதை கிடைத்தது, ஏரில் பூட்ட மாடு இல்லை. மழை பெய்தபின்னும் பஞ்சம் நீண்டது அதனால்தான்.

அப்போது டில்லியில் அரசியின் முடிசூட்டு விழா நடத்திக்கொண்டிருந்த வைசிராய் லிட்டன் பிரபு, சென்னை மாகாணம் செலவை அள்ளி வீசுகிறது என்று கருதி ரிச்சர்டு டெம்பிளை அனுப்பினார். டெம்பிள் விதித்த கூலி, பாடுபடும் ஓர் ஆணுக்கு நாளொன்றுக்கு ஓர் இராத்தல் தானியமும் ஓரணாக் காசும். இந்த அளவு உயிரைக் காக்காது என்று மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் எதிர்த்து எழுதினார். கஜானாவைப் பார்த்தவர் ஒருவர். எலும்புக்கூட்டைப் பார்த்தவர் மற்றவர். துரைத்தனத்தின் இரண்டு கைகளும் தம்முள் சண்டையிட்டன. இடையே மாண்டவர்கள் நம் முப்பாட்டன்மார்.

அந்தப் பிணக்குவியலிலிருந்து பிறந்ததுதான் 1880-ன் பஞ்சக் குழு அறிக்கை. 1883-ல் மாதிரிப் பஞ்ச விதித்தொகுப்பு வந்தது. அதைத் தழுவி மாகாணங்கள் தத்தம் தொகுப்பை எழுதின. எப்போது பஞ்சம் என்று அறிவிப்பது, யார் அறிக்கை அனுப்புவது, யார் வேலை திறப்பது என்றெல்லாம் அதில் வரையறுத்தனர். கால்நடைக்கும் அதில் இடம் தந்தனர். தீவனமற்ற காலத்தில் காப்புக்காடுகளை மேய்ச்சலுக்குத் திறந்துவிடலாம் என்றனர். வேடிக்கையைப் பாருங்கள். 1882-ன் சென்னை வனச் சட்டத்தால் காட்டுக்கு வேலி போட்டவர்களும் அவர்களே. பஞ்சம் வந்தால் வேலியைத் திறப்போம் என்று விதி எழுதியவர்களும் அவர்களே! ஆயினும் ஒன்று மாறிற்று. பட்டினி என்பது தலைவிதி என்ற இடத்தில், பட்டினி என்பது ஆட்சியின் பொறுப்பு என்ற எழுத்து முதன்முதலாகச் சட்டப் புத்தகத்தில் ஏறிற்று.

புதுக்கோட்டை அந்நாளில் தொண்டைமான் மன்னரின் சமஸ்தானம். பஞ்சம் தணிந்த 1878-ல் திவானாக வந்தவர் சேஷய்யா சாஸ்திரி. அவர் வந்தபோது விளைநிலத்தில் 'அமானி' முறை இருந்தது. விளைந்ததில் அரசுக்கும் பங்கு, உழவனுக்கும் பங்கு. கேட்க இனிமையாக இருக்கிறது. நடைமுறை என்ன? அரசின் பங்கு களவு போகக்கூடாது என்பதற்காகக் கதிர் முற்றினாலும் அதிகாரி வந்து பார்க்கும்வரை உழவன் காத்திருக்கவேண்டும். மழை வந்தாலும் காத்திருக்கவேண்டும். கதிர் சாய்ந்து முளைத்தாலும் காத்திருக்கவேண்டும். அரசின் கண் படாத தானியம் தானியமே அன்று! சாஸ்திரியார் அம்முறையை ஒழித்துப் பண வரியைக் கொணர்ந்தார். நல்லதைச் செய்தவர் எவராயினும் நல்லது என்று சொல்லத் தயங்குவோர் அல்லர் நாம்.

அமானி ஒழிந்தது. ஆனால் விழுந்து கிடக்கும் பொருளின்முன் அதிகாரியின் கண்ணுக்காக உழவன் காத்துக் கிடக்கும் அந்தக் கோலம் ஒழிந்ததா? பின்னே காண்போம்.

ஒரே வரியில் 23,000

1948 மார்ச் 3-ல் சமஸ்தானம் இந்திய ஒன்றியத்தில் கலந்தது. 1974 ஜனவரி 14-ல் புதுக்கோட்டை தனி மாவட்டமாயிற்று. கிழக்கே கட்டுமாவடி, மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், செகதாப்பட்டினம் எனக் கடற்கரை. உள்ளே வானம் பார்த்த கண்மாய்கள். ஆலங்குடிக்குக் கிழக்கே ஆழ்துளைக் கிணற்றை நம்பிய தென்னையும் பலாவும் வாழையும் பூவும். வறண்ட சீமை என்று சொல்லிச் சொல்லியே, புயல் நம் ஊருக்கு வராது என்று பழகிவிட்டார்கள்.

புயலோ பழக்கத்தைப் பார்ப்பதில்லை. 1952-லும் 1955-லும் தஞ்சைக் கடற்கரையைப் புயல் தாக்கியது. 1964 டிசம்பரில் தனுஷ்கோடி அழிந்தது. 1977 நவம்பர் 12-ல் நாகப்பட்டினத்தருகே கரை கடந்த புயல், தஞ்சாவூரையும் திருச்சியையும் புதுக்கோட்டையையும் மணிக்கு ஏறத்தாழ 120 கிலோமீட்டர் வேகத்தில் அறைந்தது. 560 பேர் மாண்டனர். பத்து இலட்சம் பேர் வீடிழந்தனர். 23,000 கால்நடைகள் மடிந்தன என்று வானிலைத் துறை பதிந்து வைத்திருக்கிறது.

23,000! அரசேட்டில் அது ஒரு வரி. எவருடைய மாடு, எவருடைய ஆடு, அதன் பாலைக் கொண்டு எந்தப் பிள்ளை பள்ளிக்குப் போயிற்று, அதன் சாணத்தைக் கொண்டு எந்த வயல் விளைந்தது, அதை அடகு வைத்து எந்தக் கல்யாணம் நடந்தது என்று அவ்வரி சொல்லாது. நிலமுள்ளவனுக்கு மாடு ஒரு துணை. நிலமற்றவளுக்கு ஆடுதான் நிலம், ஆடுதான் வங்கி, ஆடுதான் மருத்துவச் செலவு. புயலில் வயல் அழிந்தாலும் வயல் இருந்த இடத்தில் மண் இருக்கும். ஆடு அழிந்தால் இருந்த இடத்தில் கயிறுதான் இருக்கும்.

2004 டிசம்பர் 26-ல் ஆழிப்பேரலை வந்தது. அதன் விளைவாக 2005-ல் பேரிடர் மேலாண்மைச் சட்டம் பிறந்தது. ஒவ்வொரு மாவட்டத்திலும் ஆட்சியரைத் தலைவராகக் கொண்ட ஆணையம் அமைந்தது. வருவாய்த் துறை, காவல், மின்சாரம், மருத்துவம், வேளாண்மை, கால்நடை என எல்லாக் குதிரைகளையும் ஒரே தேரில் பூட்டும் ஏற்பாடு அது. காகிதத்தில் தேர் அழகாகவே இருந்தது. தேர் ஓடுமா என்பதைக் காட்ட ஒரு புயல் வேண்டியிருந்தது.

வந்தது கஜா

2018 நவம்பர் 15 நள்ளிரவு தாண்டி, நாகைக்கும் வேதாரணியத்துக்கும் இடையே கரை கடந்தது கஜா. யானை என்று பொருள்படும் வடசொல். ஆனைமுகனை முச்சந்திதோறும் அமர்த்தியிருக்கும் நாட்டில் ஒரு யானை புகுந்தது. முச்சந்திப் பிள்ளையார் ஒருவரும் அதைத் தடுக்கவில்லை. நாகை, திருவாரூர், தஞ்சை மாவட்டங்களைத் துவைத்துவிட்டு, விடியலில் புதுக்கோட்டைமீது பாய்ந்தது.

நியாயத்தைச் சொல்லிவிடவேண்டும். புயலுக்கு முன் மாநில அரசு எடுத்த நடவடிக்கையை எதிர்க்கட்சியினரும் பாராட்டினர். கரையோர மக்கள் பல்லாயிரவர் முன்கூட்டியே முகாம்களுக்கு அழைத்துச் செல்லப்பட்டனர். தாது வருஷத்தோடு ஒப்பிட்டால் எத்தனை தொலைவு வந்திருக்கிறோம் என்பது விளங்கும். வானிலை அறிவியல் சொன்னது, அரசு கேட்டது, மனித உயிர்கள் தப்பின. பஞ்சாங்கம் எந்தப் பக்கத்திலும் கஜாவைச் சொல்லவில்லை.

ஆனால் முகாமுக்கு மனிதன் போனான். மாடு எங்கே போயிற்று? கட்டுத்தறியில் நின்றது. அவிழ்த்துவிட்டுப் போனவர் சிலர். அவிழ்க்க மனமின்றி வீட்டிலேயே தங்கியவர் சிலர். கோடியக்கரை வனத்தின் வெளிமான்கள்கூடக் கடலில் அடித்துச் செல்லப்பட்டுக் காரைக்கால் கரையில் பிணமாய் ஒதுங்கின. காட்டு விலங்கின் கதி அது. வீட்டு விலங்குக்கு வீட்டுக்காரன் உண்டு. அவனுக்கு அரசு உண்டு. ஆயினும் அதற்கு முகாம் இல்லை.

இங்கே வங்காள தேசத்தைச் சற்று நோக்குவோம். 1970-ன் பெரும் புயலில் இலட்சக்கணக்கான மக்களை இழந்த நாடு அது. மாட்டை விட்டுவிட்டு ஏழை உழவன் புகலிடத்துக்கு வரமாட்டான் என்பதை அந்நாடு கண்டுகொண்டது. எனவே கடற்கரையோரம் மண்ணைக் குவித்து மேடுகள் எழுப்பிற்று. 'கில்லா' என்று அவற்றுக்குப் பெயர். வெள்ளம் வந்தால் மாடுகள் மேட்டில் ஏறி நிற்கும். மலையைக் குடையாகப் பிடித்து ஆநிரை காத்தான் கண்ணன் என்பது நம் நாட்டுப் புராணம். மண்ணைக் கூடையில் சுமந்து மேடாக்கி ஆநிரை காத்தான் மனிதன் என்பது அண்டை நாட்டு வரலாறு. எது பெரிது? ஒரு விரலா, ஓராயிரம் கூடையா?

ஒரு தோட்டம், ஏழு துறைகள்

வடகாடு, கீரமங்கலம், கொத்தமங்கலம், மறமடக்கி, நெடுவாசல். இவை வெறும் ஊர்ப்பெயர்கள் அல்ல. வறண்ட மாவட்டத்தில் உழைப்பால் எழுப்பிய சோலைகள். ஒரே இரவில் அவை போர்க்களமாயின. தென்னை வேரோடு பெயர்ந்தது. தாத்தா நட்ட பலா, பேரன் வீட்டின்மேல் விழுந்தது. வாழை மடங்கிற்று.

அப்படி ஒரு தோட்டத்தைக் கணக்கெடுக்க யார் வரவேண்டும்? தென்னைக்கு வேளாண்மைத் துறை. பலாவுக்கும் மாவுக்கும் வாழைக்கும் தோட்டக்கலைத் துறை. தேக்குக்கு வனத்துறை. ஆட்டுக்கும் மாட்டுக்கும் கால்நடைத் துறை. கொட்டிலுக்கும் வீட்டுக்கும் வருவாய்த் துறை. மோட்டாருக்கு மின்சாரம் தர மின்வாரியம். வழியில் கிடக்கும் மரத்தை அகற்ற நெடுஞ்சாலைத் துறையோ ஊராட்சியோ. ஒரு காற்று வந்து ஒரே மணி நேரத்தில் செய்த வேலையை, ஏழு துறைகள் ஏழு படிவங்களில் எழுதவேண்டும்!

இவற்றில் மின்சாரமே முதல் முடிச்சு. கஜாவில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. பிற மாவட்டங்களிலிருந்தும் அண்டை மாநிலங்களிலிருந்தும் வந்த மின் தொழிலாளர் இரவு பகலாக உழைத்தனர். அவர்களுக்கு நம் வணக்கம். ஆனால் கம்பத்தை நிமிர்த்தும்வரை ஆழ்துளைக் கிணற்றில் நீர் ஏறாது. நீர் ஏறாவிட்டால் மனிதன் ஒரு குடத்துக்கு வரிசையில் நிற்பான். மாடு எந்த வரிசையில் நிற்கும்? புயலில் தப்பிய மாடு தாகத்தில் சோர்ந்தது. கால்நடைத் துறையிடம் மருந்து உண்டு, நீர் இல்லை. மின்வாரியத்திடம் கம்பி உண்டு, மாட்டின் கணக்கு இல்லை. எந்த ஊரில் கறவை மிகுதி, எங்கே முதலில் மின்னாக்கியைக் கொண்டு செல்லவேண்டும் என்று ஒரு துறை மற்றொன்றுக்குச் சொல்வதற்குப் பெயர்தான் ஒருங்கிணைப்பு. ஆட்சியர் அலுவலகத்தில் மேசையைச் சுற்றி நாற்காலி போடுவது அன்று.

நீரும் இல்லை, ஒளியும் இல்லை, அதிகாரியும் வரவில்லை என்று சாலைகளில் மறியல் எழுந்தது. புயல் கடந்த ஓரிரு நாளில் கொத்தமங்கலத்தில் அரசு வாகனங்கள் தீக்கிரையாயின, கைதுகள் தொடர்ந்தன. தீ வைப்பதை நாம் ஏற்பவரல்லர்; எரிந்தது மக்களின் வரிப்பணம். ஆனால் தீயைப் பற்றி விசாரித்த வேகத்தில், தீ மூண்ட நெஞ்சைப் பற்றி விசாரித்தோமா?

நூற்று மூன்று ரூபாய்த் தென்னை

இனிக் கணக்குக்கு வருவோம். பேரிடர் நிதிக்கென்று டில்லி வகுத்த விதி ஒன்று உண்டு. 2015 முதல் 2020 வரை இருந்த விதிப்படி, பல்லாண்டுப் பயிர் அழிந்தால் ஹெக்டேருக்கு 18,000 ரூபாய். ஒரு ஹெக்டேரில் 175 தென்னை என்று கொண்டால், ஒரு மரத்தின் விலை ஏறத்தாழ 103 ரூபாய். கன்று நட்டு, நீர் வார்த்து, ஐந்தாறு ஆண்டு காத்திருந்து, பின்னர் ஐம்பது ஆண்டு காய் தரும் மரத்துக்கு 103 ரூபாய்! விழுந்த மரத்தை வெட்டி அப்புறப்படுத்தும் கூலிக்குக்கூட அது போதாது.

மாநில அரசு இதனோடு நிற்க முடியவில்லை. மக்கள் குரல் நிற்கவிடவில்லை என்பதே சரி. மரத்துக்கு 600 ரூபாய், அகற்ற 500 ரூபாய், ஆக 1,100 ரூபாய். ஹெக்டேருக்கு 1,92,500 ரூபாய் என்று அறிவித்தது. பசுவுக்கு 30,000 ரூபாய், ஆட்டுக்கு 3,000 ரூபாய் என்றது. மறுசீரமைப்பு உட்பட எல்லாவற்றுக்குமாக ஏறத்தாழ 15,000 கோடி வேண்டும் என்று டில்லியிடம் மனுப் போட்டது. மத்தியக் குழு வந்தது, பார்த்தது, படமெடுத்தது. 2018 டிசம்பர் 31-ல் டில்லி ஒப்பிய தொகை 1,146 கோடியே 12 இலட்சம். கேட்டதில் பதின்மூன்றில் ஒரு பங்கு. வரியைத் திரட்டும்போது மாநிலத்தின் வாசலுக்கு வரும் டில்லி, இழப்பைப் பகிரும்போது விதிப்புத்தகத்தின் பின்னே ஒளிந்துகொள்கிறது. நாட்டின் ஒரு மூலையில் வகுக்கும் விதி, மறுமூலையின் பலாவை அறியாது. மாநிலத்துக்கு அதிகாரம் வேண்டும் என்று நாம் இடைவிடாது சொல்வது மேடை அலங்காரத்துக்காக அன்று. இந்த 103 ரூபாய்க்காகவும்தான்.

2022 முதல் 2026 வரைக்கான விதியில் தொகைகள் சற்று உயர்ந்தன. பல்லாண்டுப் பயிருக்கு 22,500 ரூபாய், கறவைக்கு 37,500 ரூபாய், ஆட்டுக்கு 4,000 ரூபாய். தென்னையின் விலை 103-லிருந்து 129-க்கு ஏறிற்று. கைதட்டுவோமா?

தொகையைவிடக் கொடியது தகுதி. விதியின்படி 'பொருளாதாரப் பயன் தரும்' விலங்குக்கே உதவி. பெரிய கறவையானால் குடும்பத்துக்கு மூன்றுவரைதான். இறப்பைத் தகுதியுள்ள அதிகாரி சான்றிட வேண்டும். சான்று வேண்டும் என்பது நியாயமே. பொய்க் கணக்கும் எழுதப்படும் நாடு இது. ஆனால் இறந்த ஆடு மூன்று நாள் காத்திருக்குமா? நாறும், நோய் பரவும், புதைக்கத்தான் வேண்டும். புதைத்தால் சான்று போகும். வைத்திருந்தால் நலம் போகும். விழுந்த தென்னையை வெட்டி அகற்றினால் எண்ணிக்கை போய்விடுமோ என்று அஞ்சுகிறான் உழவன். அகற்றாவிட்டால் அடுத்த போகம் போகிறது. அமானி ஒழிந்ததா என்று முன்னே கேட்டோம். அரசின் கண் படாத கதிர் கதிரன்று என்றது அன்றைய முறை. அரசின் கண் படாத பிணம் பிணமன்று என்கிறது இன்றைய முறை.

பட்டியலில் பெயர் யாருக்கு?

நிலம் ஒருவர் பெயரில். உழைப்பு வேறொருவர் தோளில். குத்தகையாளரைப் பதிவேட்டில் ஏற்ற 1969-ல் கழக ஆட்சியில் சட்டமே வந்தது. ஆனால் வாய்மொழிக் குத்தகை இன்னும் வாய்மொழியாகவே நிற்கிறது. கோயில் நிலம் மிகுந்த புதுக்கோட்டையில் அது கண்கூடு. பட்டாவைப் பார்த்துத் தொகை கொடுத்தால், மரம் நட்டவர் வாசலில் நிற்பார். பட்டா வைத்திருப்பவர் வங்கியில் நிற்பார்.

ஆட்டுக்கும் அதே கதை. ஆட்டை வாரத்துக்கு விடுவது நம் ஊர் வழக்கம். ஆடு ஒருவருடையது, மேய்ப்பவர் மற்றொருவர், குட்டியில் பங்கு. ஆடு செத்தால் உதவி யாருக்கு? விதியில் விடையில்லை. 2011 செப்டம்பர் 15-ல், அண்ணாவின் பிறந்தநாளில் தொடங்கிய திட்டத்தில், ஏழைப் பெண்களுக்கு அரசே ஆடுகளை விலையின்றி வழங்கிற்று. நிலமற்ற பெண்ணின் கையில் ஓர் உடைமையைத் தந்த நல்ல திட்டம் அது. கொடுக்கும்போது பயனாளிப் பட்டியல் இருந்தது. குட்டிகள் பெருகியபின், அழிந்தபின், பட்டியல் எங்கே?

அடுத்து, செத்த மாட்டை அகற்றுபவர் யார்? காலங்காலமாக இந்த நாடு அவ்வேலையை ஒரு பகுதி மக்களின் தலையில் பிறப்பின் பெயரால் கட்டிற்று. மாட்டுக்காரனுக்கு அது இழப்பு. தூக்கிச் செல்பவனுக்கு அது இழிவு. அண்ணல் அம்பேத்கர் 1927-ல் மகாட்டில் கூடிய மக்களிடம், செத்த மாட்டின் இறைச்சியை உண்பதை விட்டொழியுங்கள் என்று சொன்னது தன்மானத்தின் பாடம். ஆழிப்பேரலைக்குப் பின் நாகைக் கரையின் முகாம்களிலும் சாதி பந்தி பிரித்தது என்று அறிக்கைகள் பதிந்துள்ளன. 2022 டிசம்பரில் வேங்கைவயலின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்த செய்தி வந்ததும் இந்தப் புதுக்கோட்டையிலிருந்துதான். கடல் சாதி பார்க்கவில்லை. காற்று சாதி பார்க்கவில்லை. நிவாரண வண்டி மட்டும் ஊருக்கு முன்னே நின்று, சேரிக்குப் பின்னே போகுமானால், அந்தப் புயல் இன்னும் கரை கடக்கவில்லை என்று பொருள்.

முடியும் என்பதற்குச் சான்று

இத்தனை உயிர்களை அரசால் எப்படிக் கணக்கில் வைக்க முடியும் என்று கேட்பார் சிலர். அவர்களை விராலிமலைக்கு அழைக்கிறோம். கஜா கடந்து இரண்டே மாதத்தில், 2019 ஜனவரி 20-ல், அங்கே உலக சாதனைக்கென்று ஏறுதழுவல் நடந்தது. ஒரே நாளில் 1,300-க்கும் மேற்பட்ட காளைகள் வாடிவாசல் கண்டன. ஒவ்வொரு காளைக்கும் பதிவு, எண், மருத்துவச் சோதனை! ஏறுதழுவல் தமிழர் உரிமை. அதற்கு 2017-ல் மெரினாவில் திரண்ட இளைஞரை நாம் போற்றுகிறோம். நாம் சொல்வது இதுதான்: விழாவுக்காகக் காளையை ஒவ்வொன்றாக எண்ணத் தெரிந்த நிருவாகத்துக்கு, புயலுக்கு முன் ஆட்டை எண்ணத் தெரியாது என்று சொல்லும் உரிமை கிடையாது.

2019-ல் தொடங்கிய கோமாரித் தடுப்புத் திட்டத்தில் மாட்டின் காதில் பன்னிரண்டு இலக்க எண் பொறித்த வில்லை மாட்டப்பட்டது. ஆக, பதிவேட்டுக்கு அடித்தளம் உண்டு. வெக்கையை ஒழித்த அனுபவம் உண்டு. வம்பனில் பயறு ஆராய்ச்சி நிலையம் உண்டு, அறிவுக்குப் பஞ்சமில்லை. பஞ்சம் மனத்தில்தான். அதே 2019 கோடையில் வறட்சி வந்தபோது, கோயில்கள்தோறும் மழைக்கு யாகம் நடத்துக என்று அறநிலையத் துறையே சுற்றறிக்கை விட்டது. திராவிடத்தைப் பெயரில் சுமந்த ஆட்சியில், பெரியார் பிறந்த மண்ணில்! நெய்யை நெருப்பில் ஊற்றியவர்கள், அந்தக் காசில் எத்தனை கண்மாயின் கரையை உயர்த்தியிருக்கலாம் என்று எண்ணினார்களா?

எனவே நாம் கேட்பது இவை. புயலுக்கு முன்பே ஊராட்சிதோறும் கால்நடைப் பதிவேடு வேண்டும். மாடும் ஆடும், வளர்ப்பவர் பெயரில், வாரத்துக்கு வளர்ப்பவர் பெயரும் சேர்த்து. கட்டுமாவடியிலிருந்து தெற்கே கடற்கரை நெடுகிலும் மனிதப் புகலிடத்தோடு கால்நடை மேடும், நீர்த்தொட்டியும், மின்னாக்கியும், தீவனக் கிடங்கும் வேண்டும். புயலுக்குப் பின் ஏழு துறைகளும் ஒரே குழுவாக, ஒரே முறை, ஒரே படிவத்தோடு வாசலுக்கு வரவேண்டும். மடிந்த உயிரைப் புதைக்குமுன் அண்டை வீட்டார் சான்றோடு எடுத்த கைபேசிப் படம் செல்லும் என்று விதி எழுதவேண்டும். பிணத்தை அகற்ற எந்திரமும் கூலியும் அரசுடையதாக வேண்டும். எந்தச் சாதியின் முதுகும் அதற்கு வேண்டியதில்லை. இறுதிப் பட்டியல் கிராம சபையில் உரக்கப் படிக்கப்படவேண்டும்; விடுபட்டவர் எழுந்து நின்று 'என் ஆடு எங்கே' என்று கேட்கும் உரிமை வேண்டும்.

இளைஞர்களே, இவற்றுள் கடைசி ஒன்றுக்கு டில்லியின் அனுமதி வேண்டியதில்லை. அமைச்சரின் கையெழுத்தும் வேண்டியதில்லை. அடுத்த கிராம சபைக்குப் போங்கள். நம் ஊரில் எத்தனை ஆடு, எத்தனை மாடு, யார் பெயரில், எந்த ஏட்டில் என்று கேளுங்கள். ஏடு இல்லை என்றால், கையில் ஒரு குறிப்பேட்டோடு தெருத்தெருவாய் நடந்து, கடைசித் தெருவிலிருந்து தொடங்கி, நீங்களே எழுதி ஊராட்சியிடம் கொடுங்கள். வங்கக்கடலில் அடுத்த ஐப்பசியோ கார்த்திகையோ காற்று சுழலத்தான் போகிறது. அதற்குள் அந்த ஏடு நிரம்பியிருக்கவேண்டும்.